மூடுபனியும் முறையற்ற பொன்னும்

பேய்ப்படம் ஒன்றைப் பற்றி இவ்வேட்டில் எழுதுவதா என்று புருவம் நெரிப்போர் இருக்கலாம். கைப்பேசியின் வழியே எந்நாட்டுப் படமும் வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிடும் இந்நாளில், பிள்ளைகள் பார்ப்பதைப் பெரியவர்களும் பார்த்து எடைபோடுதலே தக்கது. ஜான் கார்பென்டர் இயக்கி 1980இல் வெளியான 'தி ஃபாக்' அவ்வாறு எடைபோடத் தகுந்த படம். (அதே ஆண்டில்தான் நம் பாலுமகேந்திராவின் 'மூடுபனி'யும் வந்தது. இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை.)

கலிபோர்னியக் கடற்கரையில் அன்டோனியோ பே என்னும் கற்பனைச் சிற்றூர். அதன் நூற்றாண்டு விழாவுக்கு ஏற்பாடுகள் நடக்கின்றன. விழாவுக்கு முந்திய நள்ளிரவு 12 மணிக்கு ஊர்திகள் தாமாகவே ஒலி எழுப்புகின்றன. கடைகளில் அடுக்கிய போத்தல்கள் நடுங்குகின்றன. காற்றை எதிர்த்துக்கொண்டு கடலிலிருந்து ஒளிரும் மூடுபனி ஒன்று நகர்ந்து வருகிறது. மாதா கோவிலின் சுவரிலிருந்து ஒரு கல் விழ, உள்ளே பழைய நாட்குறிப்பொன்று அகப்படுகிறது. எழுதியவர் பாதிரியார் மலோனின் பாட்டனார். பிளேக் என்னும் செல்வர் தொழுநோயுற்றவர். தம்மைப் போன்றோருக்கு அருகே ஒரு குடியிருப்பு அமைக்க விழைந்து கப்பலில் வருகிறார். ஊர் முன்னோர் அறுவர் கரையில் பொய்த் தீ மூட்டிக் கப்பலைப் பாறையில் மோதச் செய்து, அவருடைய பொன்னைக் கவர்கின்றனர். அப்பொன்னில் எழுந்ததே ஊர். அப்பொன்னில் எழுந்ததே கோவிலும்.

அச்சத்தை வளர்க்கும் முறையில் கார்பென்டர் கைதேர்ந்தவர். ஏறத்தாழ 11 லட்சம் டாலரில் முடித்த சிறிய படம் இது. வருவோரின் முகத்தை அவர் எளிதில் காட்டுவதில்லை. பனியினூடே நிழல் நிற்கும், கதவு தட்டப்படும், அவ்வளவே. கலங்கரை விளக்கத்தில் தனித்திருந்து வானொலி நடத்தும் பெண், பனி எத்தெருவில் நுழைகிறது என்று ஊருக்கு அறிவிக்கும் பகுதி மிக நேர்த்தியானது. தன் மகன் இருக்கும் வீட்டை நோக்கிப் பனி செல்வதைக் கண்டும் அவள் ஒலிவாங்கியை விட்டு அகல இயலாது நிற்கிறாள். முதல் வடிவம் நிறைவளிக்காமல் சில காட்சிகளை இயக்குநர் பின்னர் எடுத்துச் சேர்த்தார் என்பர். கடற்கரையில் முதியவர் சிறுவர்களுக்குக் கதை சொல்லும் தொடக்கமும் அவ்வாறு சேர்ந்ததே. படத்தின் சிறந்த காட்சிகளுள் அது ஒன்று.

ஆயினும் என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது அந்தக் கோவில்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் அருளப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் குறைஷியர் கஃபாவைப் புதுக்கிக் கட்டினர். சிலை வணக்கத்தில் மூழ்கியிருந்த அம்மக்களே, வட்டியும் அநியாயப் பொருளும் கலவாத தூய பணத்தையே செலவிடுவதென முடிவு செய்தனர். பணம் போதவில்லை. கட்டடத்தைச் சுருக்கி ஹிஜ்ர் பகுதியை வெளியே விட்டனரேயன்றி, விலக்கப்பட்ட காசைச் சேர்க்கவில்லை. இன்றும் ஹாஜிகள் அவ்வரைவட்டச் சுவருக்கு வெளியேதான் வலம் வருகின்றனர். இதை அறிந்த வாசகருக்கு, களவுப் பொன்னில் வார்த்த சிலுவையைச் சுவருக்குள் ஒளித்த மூத்த மலோனின் கோவில் எவ்வளவு கூசத்தக்கது என்பதை விளக்க வேண்டியதில்லை. அதைவிடக் கூசத்தக்கது, உண்மை தெரிந்த பின்னும் விழா நடப்பது. கொலைகாரரையா போற்றுகிறோம் என்று பாதிரியார் கேட்கிறார். விழாத் தலைவியோ மெழுகுவத்தி ஊர்வலத்தைக் கைவிடவில்லை.

படம் பிழைபடுவது தண்டனையில். அறுவர் செய்த குற்றத்துக்கு வேறு அறுவர் உயிர் வேண்டுமாம்! மடிவோரில் மீனவர் மூவர், வானிலை கூறுபவர் ஒருவர், சிறுவனைக் காத்த முதியவள் ஒருத்தி. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமவார் என்பது நம் மறையின் தெளிவு. இறந்தோர் பர்ஸக்கில் இருப்பவர், பழிவாங்கத் திரும்பிவருவதில்லை. வழக்கு மறுமையில் தீரும். எனவே இப்பேய்களை ஊராரின் மனச்சான்றாகக் கொண்டால் மட்டுமே கதை பொருள்படும். இறுதியில் சிலுவையைத் திருப்பிக் கொடுத்த மலோனும் தப்பவில்லை. ஆனால் எஞ்சிய பொன் எங்கே, எவருடைய வீடுகளில் என்று ஒருவரும் கேட்பதேயில்லை.

கொக்கியும் வாளும் வரும் காட்சிகள் உண்டு, சிறுவர்களுக்கு ஆகாது. 2005இல் இதையே மீண்டும் எடுத்தார்கள். அது பெரியவர்களுக்கும் வேண்டா.