குண்டாற்றுக்காக யார் பாடிப் போவது?

18-வது மக்களவையின் முதல் கூட்டத்தொடர் 2024 ஜூன் 24-ல் தொடங்கி ஜூலை 2-ல் முடிந்தது. 7 அமர்வுகள், ஏறத்தாழ 34 மணி நேரம். குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது மட்டும் 18 மணி நேரத்துக்கு மேல் விவாதம், பேசியவர்கள் 68 பேர். அவை 103 சதவீதம் வேலை செய்ததாகச் சபாநாயகர் ஓம் பிர்லா கணக்குச் சொன்னார்.

ஆனால் ஆட்டத்தை மதிப்பிட நேரக் கணக்கு போதாது. கபடி பார்த்து வளர்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடிப் போகிறவர் எதிரணிக் களத்தில் எவ்வளவு துள்ளினார் என்பதற்குப் புள்ளி கிடையாது. ஆளைத் தொட்டுவிட்டு, மூச்சு விடாமல், கோட்டுக்குத் திரும்பி வந்தால்தான் புள்ளி. அந்தக் கண்ணோடு அந்த 9 நாட்களைத் திரும்பிப் பார்க்கலாம்.

அணிகளின் பலம்

ஆளும் கூட்டணி 293, ‘இந்தியா’ கூட்டணி 234. பாரதிய ஜனதா 240-ல் நின்றதால் கூட்டணிக் கட்சிகளின் தோளைப் பிடித்துக்கொண்டே களமிறங்கியது. காங்கிரஸ் 99-க்கு ஏறியது. 10 ஆண்டுகளுக்குப் பிறகு அவைக்கு எதிர்க்கட்சித் தலைவர் கிடைத்தார். தமிழ்நாட்டின் 39 இடங்களும் எதிரணி வரிசைக்கே போயின.

நம் வறண்ட சீமைக்கு இந்தக் களத்தில் இரண்டு பேர். அருப்புக்கோட்டை சட்டமன்றத் தொகுதி விருதுநகர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. அங்கே காங்கிரஸின் மாணிக்கம் தாகூர் 4,379 வாக்கு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தார். பக்கத்திலேயே இருக்கும் திருச்சுழி, ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. அங்கே முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனி 1,66,782 வாக்கு வித்தியாசத்தில் ஓ. பன்னீர்செல்வத்தை வென்றார். ஒரே கரிசல், ஒரே மானம் பார்த்த விவசாயம். டெல்லியில் மட்டும் இரண்டு குரல்.

முதல் சுற்று: உரசல்

தற்காலிகச் சபாநாயகர் தேர்விலேயே மோதல் தொடங்கியது. 8 முறை வென்ற காங்கிரஸின் கொடிக்குன்னில் சுரேஷை விட்டுவிட்டு 7 முறை வென்ற பாரதிய ஜனதாவின் பர்த்ருஹரி மஹ்தாபை அரசு நியமித்தது. அவருக்கு உதவ வேண்டிய குழுவில் இடம்பெற்றிருந்த டி.ஆர். பாலு உள்ளிட்ட எதிர்க்கட்சியினர் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜூன் 26-ல் சபாநாயகர் பதவிக்கே போட்டி வந்தது. 1976-க்குப் பிறகு இதுதான் முதல் முறை. குரல் வாக்கெடுப்பில் ஓம் பிர்லா வென்றார். எண்ணிக்கை வாக்கெடுப்பை எதிரணி வற்புறுத்தவில்லை. அது நல்ல நிதானம். எதிர்ப்பைப் பதிவு செய்தாயிற்று. தோல்வியின் அளவைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. அன்றைக்கே புதிய சபாநாயகர் நெருக்கடி நிலையைக் கண்டித்துத் தீர்மானம் வாசித்தார். எதிரணி கொதித்தது. இரு தரப்புத் தலைவர்களின் கைகுலுக்கலோடு தொடங்கிய நாள் கூச்சலில் முடிந்தது.

இரண்டாம் சுற்று: இரு தலைவர்கள்

ஜூலை 1-ல் அனுராக் தாக்கூர் நன்றித் தீர்மானத்தைக் கொண்டுவர, பான்சுரி சுவராஜ் வழிமொழிந்தார். எதிர்க்கட்சித் தலைவராக ராகுல் காந்தி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பேசினார். அவர் பேச்சின் நடுவே பிரதமரே எழுந்து குறுக்கிட வேண்டியிருந்தது. ஆளும் அணியின் முதன்மை ஆட்டக்காரரை இடத்தைவிட்டு நகர்த்தினார் என்பது ராகுலின் சாதனை. ஆனால் சிவன் படத்தைத் தூக்கிக் காட்டி மதத்தைப் பற்றிப் பேசிய பகுதியே மறுநாள் நாடு முழுவதும் பேச்சானது. உரையின் சில வரிகள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன. நீட், அக்னிவீர், விவசாயி என்று தொட்ட இடங்கள் எல்லாம் அந்த இரைச்சலுக்கு அடியில் போய்விட்டன. தொட்டார், கோட்டுக்குத் திரும்புவதற்குள் பாதிப் புள்ளி பறிபோனது.

ஜூலை 2-ல் பிரதமர் மோடியின் பதில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. இனக் கலவரத்தில் சிக்கிய மணிப்பூரைப் பற்றிப் பேசச் சொல்லி, எதிரணி சபையின் நடுவே வந்து நின்று “மணிப்பூர், மணிப்பூர்” என்று கடைசிவரை முழக்கமிட்டது. அத்தனை சத்தத்திலும் தடுமாறாமல் பேசி முடித்த மூச்சு வலிமையை மறுக்க முடியாது. ஆனால் முழக்கமிட்டவர்கள் கேட்ட ஒரே சொல்லுக்கு அன்றைய உரையில் பதில் இல்லை. எதிரணி பாடி வந்த திசையில் நிற்காமல் விலகிக்கொண்ட தற்காப்பு அது.

அந்த இரைச்சலின் நடுவே நடந்த ஒன்றை நம் ஊர்க்காரர்கள் உற்றுப் பார்க்க வேண்டும். நடுவே நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் மாணிக்கம் தாகூரும் ஒருவர். பிரதமர் தன் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. அடுத்து எர்ணாகுளம் எம்.பி. ஹைபி ஈடனிடம் நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார். தொலைக்காட்சிகள் அதைப் பலமுறை காட்டின. அருப்புக்கோட்டை எம்.பி. அந்தக் கூட்டத்தொடரில் நாட்டின் கண்ணில் பட்டது தண்ணீரை மறுத்த காட்சியில்தான். மணிப்பூருக்காக அவர் நின்றது நியாயமான நிலை. அவரை அனுப்பிய மண்ணுக்கு வேண்டிய தண்ணீரும் அதே சபையில், அதே உரத்த குரலில் கேட்கப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஆட்ட நாயகன்

என் மதிப்பீட்டில் இந்தத் தொடரின் ஆட்ட நாயகன் தலைவர்கள் இருவரும் அல்லர். உள் மணிப்பூர் தொகுதியின் அங்கோம்சா பிமோல் அகோய்ஜம். பல்கலைக்கழகப் பேராசிரியர், முதல் முறை எம்.பி. அவருக்குப் பேச வாய்ப்பு வந்தபோது ஜூலை 1 நள்ளிரவை நெருங்கிவிட்டது. இருக்கைகள் பெரும்பாலும் காலி. அவரிடம் படமும் இல்லை, மேற்கோள் விளையாட்டும் இல்லை. நிவாரண முகாம்களில் கிடக்கும் 60,000 பேரைப் பற்றியும், 200-க்கு மேற்பட்ட உயிர்ப்பலி பற்றியும், குடியரசுத் தலைவர் உரையில் இவற்றுக்கு ஒரு வரி கூட இல்லாதது பற்றியும் பேசினார். அவ்வளவுதான்.

மறுநாள் மக்களவையில் எதிரணி எழுப்பிய முழக்கத்துக்கு உயிர் கொடுத்தது அந்தப் பேச்சுதான். ஜூலை 3-ல் மாநிலங்களவையில் பிரதமர் மணிப்பூர் பற்றிப் பேசினார். 11,000-க்கு மேற்பட்ட முதல் தகவல் அறிக்கைகள், 500-க்கு மேற்பட்டோர் கைது என்று கணக்குக் கொடுத்தார். பதில் போதுமா என்பது வேறு விவாதம். பதில் வந்தது என்பதே புள்ளி. மக்களவைக்கு இரண்டே எம்.பி.க்களை அனுப்பும் மாநிலத்துக்காரர், தன் மண்ணை மட்டும் பேசி அந்தப் புள்ளியைச் சம்பாதித்தார்.

நமக்கு எங்கே புள்ளி?

திருச்சுழி குண்டாற்றங்கரை ஊர். மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் மணலும் கருவேலமும். இந்த ஆற்றைக் காவிரியோடு இணைக்கும் காவிரி–வைகை–குண்டாறு திட்டத்தின் நீளம் 262 கிலோமீட்டர். ₹14,400 கோடி மதிப்பீட்டில் 2021 பிப்ரவரி 21-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அ.தி.மு.க. ஆட்சியில் தொடங்கியது, தி.மு.க. ஆட்சியிலும் தொடர்ந்தது. மாயனூரில் தொடங்கும் கால்வாயின் கடைசிப் பகுதியான வைகை–குண்டாறு சுமார் 34 கிலோமீட்டர்தான். ஆனால் முன்னால் இருக்கும் இரண்டு கட்டங்களும் முடிந்தால்தான் அதற்குத் தண்ணீர். கர்நாடகம் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. பெரும் நிதியும் இரு மாநில வழக்கும் கலந்த இந்த விஷயத்துக்குப் பொருத்தமான களம் நாடாளுமன்றம்.

நன்றித் தீர்மான விவாதம் அதற்கு மிகவும் வசதியான வாசல். ஒன்றிய அரசு நிர்வாகம் சார்ந்த எந்தப் பொருளையும் அதில் பேசலாம். ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்குப் பிறகும், ஒவ்வொரு ஆண்டின் முதல் கூட்டத்தொடரிலும் குடியரசுத் தலைவர் உரையாற்ற வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 87-வது பிரிவு. ஆக, வாய்ப்பு ஆண்டுதோறும் வருகிறது.

சின்னக் கட்சிக்கு நேரம் கிடைக்காது என்பார்கள். உண்மைதான், மக்களவையில் முஸ்லிம் லீக்குக்கு 3 பேர், கட்சி பலத்தை வைத்தே நேரம் பிரிக்கப்படுகிறது. ஆனால் பேச்சை எழுத்தில் அவை முன் வைக்கலாம். அந்தத் தொடரிலேயே 50-க்கு மேற்பட்டோர் அப்படிச் செய்தார்கள். அதைவிடக் கூர்மையான கருவி திருத்தம். “இவ்வுரையில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு குறித்து எதுவும் சொல்லப்படாததற்கு இந்த அவை வருந்துகிறது” என்ற ஒரு வரியைத் தீர்மானத்தோடு சேர்க்கக் கோரி எந்த எம்.பி.யும் எழுதிக் கொடுக்கலாம். மக்களவையில் இத்தகைய திருத்தங்கள் குரல் வாக்கெடுப்பில் தோற்கும். ஆனாலும் அவைக்குறிப்பில் நிற்கும். மாநிலங்களவையில் வென்றும் இருக்கின்றன. 2015-ல் சீதாராம் யெச்சூரி கொண்டுவந்த திருத்தம் 118-க்கு 57 என்று நிறைவேறியது. மறு ஆண்டு குலாம் நபி ஆசாத்தின் திருத்தமும் வென்றது.

இரைச்சலில் ஊர்க் குரல் காணாமல் போகும் என்ற பாடம் சென்னையிலும் உண்டு. 2023 ஜனவரி 9, 2024 பிப்ரவரி 12, 2025 ஜனவரி 6 என மூன்று ஆண்டும் சட்டமன்றத்தின் தொடக்க நாளை ஆளுநர் ஆர்.என். ரவிக்கும் அரசுக்கும் இடையிலான உரைத் தகராறே விழுங்கியது. அருப்புக்கோட்டையின் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரனும் திருச்சுழியின் தங்கம் தென்னரசும் அப்போது அமைச்சர்கள். அந்த மூன்று நாளும் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் ஊர்ப் பிரச்சினைக்கு இடம் மிஞ்சவில்லை.

விருதுநகரும் ராமநாதபுரமும் ஒன்றிய அரசே 2018-ல் வளர்ச்சி தேவைப்படும் மாவட்டங்களாகப் பட்டியலிட்டவை. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவை இந்த இரண்டும்தான். இரு தொகுதி எம்.பி.க்களும் ஒரே திருத்தத்தில் கையெழுத்திட இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. விவசாயச் சங்கங்களும் ஊராட்சிகளும் டிசம்பரிலேயே மனுவை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். உரை மீது என்ன திருத்தம் கொடுத்தீர்கள் என்று விவாதம் முடிந்ததும் கேட்க வேண்டும். வாக்கு கேட்டு வரும் எந்தக் கட்சிக்காரரிடமும் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வைக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.