அப்பாவைத் தேடிப் போன மாயா

ராபர்ட் வெஸ்டால் 1975-இல் எழுதிய ‘தி மெஷின் கன்னர்ஸ்’ நாவலில், சாஸ் என்ற இங்கிலாந்துப் பையன் விழுந்து கிடக்கும் ஜெர்மானிய விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியை எடுத்து ஒளித்து வைக்கிறான். பெரியவர்களுக்குத் தெரியாமல் பிள்ளைகள் நடத்தும் போர். ஊரில் குண்டு விழுந்தாலும் சாஸுக்கு அப்பா அம்மா கூடவே இருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் சாகசமே நடக்கிறது.

அதே போர்க்காலம்தான் நம்ம ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலிலும். ஆனால் இங்கே தொலைந்து போனதே அப்பா. அவரைத் தேடிச் சயாமுக்குப் போகும் மாயா, அந்த ரயில்பாதை வேலையிலேயே மாட்டிக்கொள்கிறான். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்த 415 கிலோமீட்டர் பாதை அது. தோட்டத்துச் சனங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள்.

மாணவர்கள் ‘கருப்பொருள்: ஜப்பானியர் கொடுமை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தப்பில்லை, ஆனா போதாது. கொடுமை இந்நாவலின் பின்னணி; கதையை நகர்த்துவது மகனின் தேடல். ‘அப்பா கிடைப்பாரா?’ என்றுதானே பக்கத்தைப் புரட்டுகிறோம்? பாத்திரப்படைப்பு எழுதும்போது, தேடிப் போன மாயா எந்த இடத்தில் கைதியாகிறான் என்று காட்டுங்கள். அங்கேதான் சாகசக் கதை உடைகிறது.

‘லங்காட் நதிக்கரை’ எழுதிய அ. ரெங்கசாமியைப் பந்திங் ஆசிரியர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய ‘நினைவுச் சின்னம்’ நாவலும் இதே சயாம் ரயில்பாதைக் கதைதான். வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கொடுக்கலாம்.