ஃப்ளோரியானா: ஒரு சாவு, இரண்டு புத்தகம்

1934 நவம்பர். கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் ஃப்ளோரியானா என்ற தீவு. ஃப்ரெட்ரிக் ரிட்டர் என்ற ஜெர்மன் டாக்டர் கெட்டுப்போன கோழிக்கறியைச் சாப்பிட்டுவிட்டுச் சாகக் கிடக்கிறார். இத்தனைக்கும் அவர் ஊருக்கே சைவ உணவு உபதேசம் செய்தவர். பக்கத்தில் இரண்டு பெண்கள்: அவருடைய துணைவி டோரே ஸ்ட்ராவ், அண்டை வீட்டு மார்கரெட் விட்மர். ரிட்டர் கடைசி நேரத்தில் தன் பக்கம் அன்போடு கை நீட்டினார் என்று டோரே எழுதுகிறார். இல்லை, டோரேயைச் சபித்துவிட்டுத்தான் செத்தார் என்று மார்கரெட் எழுதுகிறார். ஒரே அறை, ஒரே கட்டில். யாரை நம்புவது?

முதலில் ஆட்கள் யார் யார் என்று பார்த்துவிடுவோம். ரிட்டரும் டோரேயும் 1929-இல் நாகரிகமே வேண்டாம் என்று பெர்லினை விட்டு வந்தவர்கள். பல்வலி வந்தால் தீவில் வைத்தியம் கிடையாது என்பதால் ரிட்டர் முன்கூட்டியே பல்லை எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தார். 1932-இல் கொலோன் நகரிலிருந்து விட்மர் குடும்பம் வந்தது: ஹைன்ஸ், கர்ப்பிணியான மார்கரெட், ஹைன்ஸின் முதல் தாரத்து மகன் ஹாரி. உடம்பு சரியில்லாத அந்தப் பையன் தேறுவான் என்பதும் அவர்கள் வந்ததற்கு ஒரு காரணம். அதே வருடம் தன்னை ‘பாரனஸ்’ என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண் இரண்டு காதலர்களோடு வந்து, இங்கே ஓட்டல் கட்டப்போகிறேன் என்றார். 1934 மார்ச்சில் அவரும் காதலர்களில் ஒருவரும் காணாமல் போனார்கள். உடல்கள் கிடைக்கவே இல்லை.

டோரேயின் ‘சாத்தான் ஏதேனுக்கு வந்தான்’ 1930-களின் நடுவிலேயே வந்துவிட்டது. துக்கம் ஆறுவதற்கு முன் எழுதிய புத்தகம். பாரனஸ் மேல் வெறுப்பு, ரிட்டர் மேல் பக்தி. ஆனால் ஒன்று கவனியுங்க. ரிட்டரைப் பெரிய ஞானியாகக் காட்டத்தான் டோரே முயல்கிறார். அவர் தரும் விவரங்களோ, நோயாளியான ஒரு பெண்ணிடம் இரக்கமே இல்லாமல் வேலை வாங்கிய மனிதரைக் காட்டிவிடுகின்றன. நினைத்துச் சொன்னதைவிட, தன்னை அறியாமல் சொன்னதில்தான் அவரை நம்ப முடிகிறது.

மார்கரெட்டின் புத்தகம் வந்தது 1959-இல், தீவுக்கு வந்து 27 வருடம் கழித்து. இதை நான் ஒரு குடித்தனக் கதையாகத்தான் படிக்கிறேன், அதுதான் அதன் பலம். பழைய கடற்கொள்ளையர் தங்கியதாகச் சொல்லப்படும் குகையில் அடுப்பு மூட்டுவது, ஊற்றுத் தண்ணீரை நம்பித் தோட்டம் போடுவது, அதைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்றுவது, பிறகு ஒரு வீடு கட்டுவது. 1933 ஜனவரியில் அந்தக் குகையில்தான் ரால்ஃப் பிறந்தான். இந்தப் பக்கங்களில் பொய் சொல்லி மார்கரெட்டுக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. வேலையின் கணக்கு அப்படியே வருகிறது.

சிக்கல் மற்ற பக்கங்களில்தான். தகராறு என்று வந்தால் அங்கே புத்திசாலி எப்போதும் மார்கரெட் ஒருவர்தான். சிநேகிதர்களோடு படகில் டஹீட்டி போகிறேன் என்று பாரனஸ் வந்து சொல்லிவிட்டுப் போனதாக எழுதுகிறார். அந்தப் படகை வேறு யாரும் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயம் ஒரே ஒருவருடைய வாய்ச்சொல்லில் நிற்கிறது. ரிட்டர் சாவிலும் வாசகரின் சந்தேகம் மெதுவாக டோரே பக்கம் திருப்பப்படுகிறது. 1959-இல் மறுத்துப் பேச டோரேயும் உயிரோடு இல்லை. மார்கரெட் 2000 வரை அந்தத் தீவிலேயே வாழ்ந்தார். வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னதும் அவர்தான். தங்கியவர் சொன்னதே வரலாறு ஆகிவிட்டது.

2024-இல் ரான் ஹோவர்ட் எடுத்த ‘ஈடன்’ படம் இந்தச் சந்தேகத்தையெல்லாம் த்ரில்லராக மாற்றிவிட்டது. பிரசவக் காட்சியில்கூட காட்டு நாய்கள், திருட்டு, அலறல். பார்க்க விறுவிறுப்புதான். ஆனால் தத்துவம் பேசியவரும் ஓட்டல் கனவு கண்டவரும் அழிந்துபோன இடத்தில் ஒரு குடும்பம் மட்டும் எப்படி நிலைத்தது என்ற கேள்விக்கு விடை அந்த விறுவிறுப்பில் இல்லை. தினசரி தண்ணீர் சுமந்ததிலும் விதை போட்டதிலும் இருக்கிறது. அதைப் படமாக்குவது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

அதனால் இரண்டு புத்தகத்தையும் சேர்த்துப் படியுங்கள் என்பேன். அடுப்பு, தோட்டம், பிரசவம் என்றால் மார்கரெட். ரிட்டர் எப்படிப்பட்டவர் என்றால் டோரே. சாவுகளைப் பற்றி இருவரில் யாரையும் முழுசாக நம்ப வேண்டியதில்லை.

ஒரு குறை மட்டும் எந்தப் புத்தகத்தாலும் தீராது. எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் ஹாரி. எந்தப் பையனின் உடம்புக்காகப் புறப்பட்டார்களோ, அவன் 1951-இல் கடலில் மூழ்கி இறந்தான். அவன் எழுதிய புத்தகம் என்று ஒன்று இல்லை.