முதலாவதா, இரண்டாவதா?

சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "முதலாவது தெளிவா, இரண்டாவது தெளிவா?" என்று கேட்பவர் என்ன படித்தார் என்று நாம் விசாரிப்பதில்லை. கொழும்பிலும் மதுரையிலும் கேள்வி ஒன்றுதான். கேட்பவர் அந்த நாற்காலிக்கு அருகே வந்து சேர்ந்த வழிதான் வேறு.

இந்தியாவில் ஒப்டோமெட்ரி என்ற இந்தப் பார்வைப் பரிசோதனைத் துறையைத் தூக்கி நிறுத்தியதில் கண் மருத்துவமனைகளுக்குப் பெரும் பங்குண்டு. சென்னையில் சங்கர நேத்ராலயாவின் நிழலில் 1985இல் எலைட் ஸ்கூல் ஒப் ஒப்டோமெட்ரி தொடங்கியது. பட்டத்தாளில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும், கை பழகியது மருத்துவமனையில். இன்றும் நான்கு ஆண்டுப் படிப்பில் கடைசி ஆண்டு நோயாளிகள் நடுவேதான் கழிகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இன்னொரு வழி பிடித்தது. 1976இல் மருத்துவர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு ஆண்டு பழக்கி, கண் அளவு பார்ப்பது முதல் அறுவை அறை உதவி வரை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பட்டம் இல்லை, ஆனால் அவர்கள் இல்லாமல் அங்கே ஒரு நாள் ஓடாது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மரியாதையும் உண்டு, ஒரு சின்ன உறுத்தலும் உண்டு: அந்தப் பெண் வேறு ஊருக்குப் போனால் எந்தத் தாளைக் காட்டுவாள்?

இலங்கையில் வாசல் வேறு. உயர்தரத்தில் 'ஒளிமுறிவு' படித்தவர் (தமிழ்நாட்டுப் பாடநூலில் அதுவே 'ஒளிவிலகல்') இசட் புள்ளி என்ற தரப்படுத்திய மதிப்பெண்ணையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் கடந்தால்தான் அரச பல்கலைக்கழகம். கட்டணமில்லை, இடமும் அதிகமில்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் இணைச் சுகாதார விஞ்ஞானங்களில் ஒப்டோமெட்ரியையும் சேர்த்தது அண்மைக் காலத்தில்தான். மற்றவர்களுக்குத் தனியார் டிப்ளோமா இருக்கிறது. கடையிலேயே தொழில் பழகியவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலோ பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேரலாம். தனியார் கல்லூரியானால் தகப்பன் காசு எண்ண வேண்டும்.

வேலை என்று பார்த்தால் இந்தியாவின் பரப்பு பெரிது: கண்ணாடிக் கடைச் சங்கிலிகள், கொண்டாக்ட் லென்ஸ், குறைபார்வை சிகிச்சை, வில்லை உற்பத்தி, ஆராய்ச்சி. இத்தனை இருந்தும், பட்டதாரிக்கும் கடைப் பையனுக்கும் ஒரே வெள்ளைக் கோட்டுதான் நெடுங்காலம். தேசிய அளவில் இத்தொழிலையும் உள்ளடக்கி ஆணையச் சட்டம் வந்ததே 2021இல். இலங்கையில் எங்கள் சந்தை சிறிது. படித்து முடித்த பிள்ளை வெளிநாட்டைப் பார்த்தால் குறை சொல்ல மாட்டேன்.

பட்டம் எதைக் கூடுதலாகத் தருகிறது? கண்ணாடியின் இலக்கத்தைக் கண்டுபிடிக்க அனுபவசாலிக்கும் முடியும். இலக்கம் சரியாக வந்த பிறகும் விழித்திரையைப் பார்க்கவும், அழுத்தத்தை அளக்கவும், இவரை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்கவும் படிப்பு வேண்டும். எனக்கு வெள்ளெழுத்து வந்தபோது ஒரு கடையில் பத்து நிமிடத்தில் கண்ணாடி தீர்மானமானது. எழுத்தும் நன்றாகவே தெரிந்தது. கண்ணழுத்தத்தை யாரும் அளக்கவில்லை. அளக்கச் சொல்லிக் கேட்க எனக்கும் அன்றைக்குத் தெரியாது.