மடியில் தொடங்கும் தாளம்

முதலில் அந்த நூலகர் கையில் இருக்கும் பொம்மையைப் பாருங்கள். அமெரிக்கப் பொது நூலகங்களில் கைக்குழந்தைகளுக்கும் அவர்களைத் தூக்கி வருபவர்களுக்குமாக நடக்கும் ஆட்டபாட்டக் காலைகளில், நடத்துபவர் பெரும்பாலும் ஒரு துணிப்பொம்மையை மடியில் வைத்திருப்பார். பாட்டின் எந்த இடத்தில் பிள்ளையைத் தூக்க வேண்டும், எந்த இடத்தில் மெல்லச் சாய்க்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பொம்மையைக் கொண்டே காட்டுவார். யார் பிள்ளையையும் கை நீட்டி வாங்க மாட்டார். எவ்வளவு அழகான மரியாதை! ஆட்டுவிக்கும் உரிமை அம்மாவுடையது, அப்பாவுடையது, பாட்டியுடையது என்று வாய் திறந்து சொல்லாமலே விட்டுக்கொடுத்துவிடுகிறார். பொம்மையின் பிடரியில் விரிந்திருக்கும் அவருடைய உள்ளங்கையைச் சற்று நின்று கவனியுங்கள். கழுத்து நிற்காத பிள்ளையை எப்படி ஏந்த வேண்டுமோ அப்படியே ஏந்தியிருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் இளம் தகப்பன் அதைப் பார்த்துத் தன் கையைச் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்வார். பாடம் நடந்தது, பாடம் என்ற பெயரே இல்லாமல்.

அடுத்து அவர் பாட்டுக்குத் தரும் காலம். பெரியவர்களின் காதுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே மெதுவான நடை. ஆனால் அந்த நிதானத்தில்தான் சொற்கள் அசை அசையாகப் பிரிந்து, தனித்தனி முத்துக்களாகப் பிள்ளையின் செவியில் விழுகின்றன. பாடினால் மொழியின் சின்னஞ்சிறு ஒலிகள் பிள்ளைக்குத் துலங்கும் என்பது அங்கே நூலகர்கள் கைக்கொண்டிருக்கும் ‘எவ்ரி சைல்ட் ரெடி டு ரீட்’ திட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. பேசுதல், பாடுதல், வாசித்தல், எழுதுதல், விளையாடுதல் என்று 2011-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு அடுக்கிய ஐந்தில், பாட்டும் விளையாட்டும் இங்கே ஒரே மூச்சில் நடந்துவிடுகின்றன.

அந்த நிதானத்துக்குள்ளே இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. பிள்ளையை மேலே தூக்கும் சொல்லுக்குச் சற்று முன்னால், பாட்டு நின்றுவிடும். ஓரிரண்டு தட்டு நேரம்தான். முழங்காலில் குலுங்கிக்கொண்டிருந்த பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும், கண் விரியும், கட்டைவிரல்கள் மடங்கும். வந்து பழகிய பிள்ளையானால், சொல் வருவதற்கு முன்பே கால்கள் இரண்டும் மகிழ்ச்சியில் உதைக்கத் தொடங்கிவிடும். அடுத்து என்ன வரப்போகிறது என்று அது அறிந்திருக்கிறது! இந்த அறிதல் ஒரே நாளில் வருவதில்லை. பால்டிமோரில் நூலகராக இருந்த பெட்சி டயமன்ட்-கோஹன், இசை ஆசிரியை பார்பரா காஸ்-பெக்ஸின் வழியைப் பின்பற்றி ‘மதர் கூஸ் ஆன் தி லூஸ்’ என்ற நிகழ்ச்சியை உருவாக்கியபோது, ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய 80 விழுக்காடு முந்தைய வாரத்தில் வந்ததாகவே இருக்கட்டும் என்று வைத்தார். புதுமைக்கு ஐந்தில் ஒரு பங்கு இடம் போதும் என்று துணிந்த அந்த மனத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகளை நீண்டகாலம் பொறுமையாகப் பார்த்த ஒருவருக்குத்தான் அந்தத் துணிவு வரும்.

இதையெல்லாம் ஏன் மடியில் வைத்தே செய்ய வேண்டும்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிகா ஃபிலிப்ஸ்-சில்வரும் லாரல் ட்ரெய்னரும் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு இனிமையான விடை தருகிறது. எங்கும் அழுத்தம் விழாத ஒரு தாளத்தை ஒலிக்கவிட்டு, ஏழு மாதப் பிள்ளைகளில் சிலரை இரண்டு தட்டுக்கு ஒருமுறையும், சிலரை மூன்று தட்டுக்கு ஒருமுறையும் குலுக்கினார்கள். பிறகு அழுத்தம் சேர்த்து ஒலிக்கவிட்டபோது, ஒவ்வொரு பிள்ளையும் தன்னைக் குலுக்கிய கணக்கில் அமைந்த தாளத்தையே அதிக நேரம் விரும்பிக் கேட்டது. கண்ணைக் கட்டிக் குலுக்கிய பிள்ளைகளுக்கும் அது வாய்த்தது. பிறர் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. காது கேட்கும் தாளத்துக்கு உருக்கொடுத்தது அசைந்த உடம்பு. ஆகவே நூலகத்தின் அந்த அறையில் உண்மையான வாத்தியம் மூலையில் பாடும் ஒலிபெருக்கி இல்லை. தூக்கித் தாழ்த்தும் அந்த முழங்கால்கள்தாம்.

இப்போது எல்லோரும் எழுந்து வட்டமாக நிற்கிறார்கள். பேபி கேரியரில் பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்ட அம்மாக்களின் ஆட்டத்தைப் பாருங்கள். குதிப்பு இல்லை, சுழற்சி இல்லை. பக்கத்துக்கு ஓர் அடி, திரும்பவும் ஓர் அடி. முழங்கால் மட்டும் இளகி மடிகிறது. பிள்ளையின் மோவாய் நெஞ்சில் மடிந்து மூச்சை அடைக்காமல், முகம் கண்ணில் பட, குனிந்தால் உச்சியில் முத்தமிட எட்டும் உயரத்தில் அது இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். பாதுகாப்புக்கான விதிதான். ஆனால் முத்தத்தையே அளவுகோலாக வைத்த விதியை வேறெங்கே காண முடியும்? வட்டம் உள்நோக்கி நகரும்போது ஒரு பிள்ளை எதிர்ப் பிள்ளையின் முகத்தை நெருக்கத்தில் பார்க்கிறது. வெளியே விலகும்போது தலையைத் திருப்பித் தேடுகிறது. இரவெல்லாம் தூங்காத ஓர் அம்மாவின் தோள்களும் இந்தச் சிறு அசைவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து இறங்குவதைக் கவனிக்கத் தவறாதீர்கள். ஆட்டம் அவருக்கும் சேர்த்தே அமைக்கப்பட்டது.

மெல்லிய வண்ணத் துணிகள் வரும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணுக்கு ஊடுருவித் தெரியும் சல்லாத் துணி. மேலே வீசினால் உதிர்ந்த மலரிதழ் போல அவசரமில்லாமல் இறங்கும். பந்தைத் தொடர முடியாத பிஞ்சுக் கண்கள் இதைத் தொடர்ந்துவிடும். முகத்தில் போர்த்தினாலும் துணி வழியே அம்மா தெரிவதால் பிள்ளை பயப்படுவதில்லை. மஞ்சள் நிற அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும். துணியைத் தேர்ந்தெடுத்தவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது.

கடைசியில் கூடை வரும். ஆட்டி விளையாடிய முட்டை வடிவக் கிலுகிலுப்பைகளை அதில் திரும்பப் போடுவதற்கும் ஒரு பாட்டு உண்டு. விரல்களைத் திறந்து ஒரு பொருளை விடுவது பத்து மாதப் பிள்ளைக்குப் பெரிய வித்தை. கூடைக்கு மேலே கை நின்று தயங்கும் நேரம் முழுவதும் நூலகர் அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பார். போட்ட பிள்ளை மனம் மாறித் திரும்ப எடுத்தால், அதற்கும் பாட்டு நீளும். எச்சில் பட்டவற்றைத் துடைத்து வைப்பதெல்லாம் பிறகுதான். பாய்களை அவர் உடனே சுருட்டுவதில்லை. அட்டைப் புத்தகங்களைத் தரையில் பரப்பிவிட்டு விலகிக்கொள்கிறார். பல் முளைப்பதையும் தூக்கத்தையும் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் தவழ்ந்துபோய்ப் புத்தக முனைகளைச் சுவைக்கத் தொடங்குகிறார்கள்.