நாடு நீங்கினார் ஒளிப்படமும் கூற்று மரபும்

ஒரு பாட்டைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர் முதற்கண் வினவுவது, 'இது யார் கூற்று? யார் கேட்பக் கூறியது?' என்பதாம். தலைவி கூறினாளாகக் கொள்ளுங்கால் ஒரு பொருளும், தோழி கூறினாளாகக் கொள்ளுங்கால் வேறொரு பொருளும் தரும் அகப்பாட்டுக்கள் பல. கூற்று, கேட்போர், களன், முன்னம், எச்சம் என்பவற்றைத் தொல்காப்பியனார் செய்யுள் உறுப்புக்களுள் வைத்து எண்ணியதன் காரணத்தை ஈண்டு உய்த்துணரலாம். ஒளிப்படம் செய்யுள் அன்று. ஆயினும் அதற்கும் கூற்றுடையார் ஒருவர் உளர், கேட்போர் உளர், சட்டத்திற்குப் புறத்தே நின்றுவிடும் எச்சமும் உண்டு. நாடு நீங்கி வாழும் திபேத்தியர் தம் கையாலேயே எடுத்த ஒளிப்படங்களைக் குறித்து, 'குரலற்றார்க்குக் குரல் தந்தவை' என்று பலர் பாராட்டுகின்றனர். அப்பாராட்டு எத்துணை பொருந்தும் என்பதை மேற்கூறிய பழைய வினாக்களைக் கொண்டே ஆராய்வாம்.

திபேத்து நாடு ஒளிப்படத்துள் புகுந்தது பெரும்பாலும் அயலார் கண் வழியே ஆகும். 1903-04 ஆம் ஆண்டுகளில் யங்ஹஸ்பண்டு தலைமையில் லாசா வரை சென்ற ஆங்கிலேயர் படையெடுப்போடு ஒளிப்படக் கருவிகளும் சென்றன. பின்னர் சார்லஸ் பெல், ஸ்பென்சர் சாப்மன், ஹியூ ரிச்சர்ட்சன் முதலிய அலுவலர்கள் எடுத்தனவும், அவர்களைச் சார்ந்தோர் எடுத்தனவுமாகிய ஏறத்தாழ 6000 படங்கள் இன்று ஆக்ஸ்போர்டிலும் லண்டனிலும் உள்ள காட்சிச் சாலைகளில் இருக்கின்றன. இவற்றுள்ளும் ஒரு நுட்பம் உண்டு. பெல் அவர்களின் பெயரால் வழங்கிய படங்களுள் பலவற்றை எடுத்தவர் அவருடைய பணியாளராகிய இரப்தன் லெப்சா என்பது பிற்கால ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. ஒருவர் கூற்றை மற்றொருவர் பெயரில் ஏற்றிவைத்தமைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. ஏடெழுதினோன் பிழையால் பாடினோர் பெயர் மாறிய பாட்டுக்களைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பன்று.

அயலார் படங்கள் யாவும் பொய் என்பது நம் கருத்தன்று. சாப்மன் எடுத்தவற்றுள் மிகக் கூரிய நோக்குடையன உள. எனினும் அவற்றின் கேட்போர் திபேத்தியர் அல்லர். அரசியல் அலுவலகமும், புவியியற் கழகமும், தொலைவில் இருந்த வாசகருமே. படத்தில் நிற்போர் எதிரே நிற்கும் கருவியை நோக்குகின்றனர். அக்கருவிக்குப் பின்னர் யார் யார் இருந்து தம்மைக் காண்பர் என்பதை அறியார்.

திபேத்திய மொழி ஒளிப்படத்திற்கு வழங்கும் சொல்லை ஈண்டு நோக்குதல் பயன் தரும். 'பர்' என்பது மரப்பலகையில் எழுத்தைச் செதுக்கி மையிட்டுத் தாளில் ஒற்றும் பதிப்பைக் குறிக்கும் பழஞ்சொல். மடங்களில் திருநூல்களை அச்சிட்ட அம்முறையின் பெயரே ஒளிப்படத்திற்கும் ஆயிற்று. 'டிரபர்' என்பது ஒப்புமையின் பதிவு என விரியும். ஒளிப்படக் கருவி 'பர்ச்சே', அதாவது பதிக்கும் கருவி. நம்மவர் நிழலையும் ஒளியையும், ஏன், புகையையும் கூடக் கொண்டு பெயரிட்டனர். அவர்களோ நூலோடு சார்த்திப் பெயரிட்டனர். கஞ்சூர், தெஞ்சூர் என்னும் பெருந்தொகைகளை உடையதும், ஏழாம் நூற்றாண்டு முதல் எழுத்து வழக்குப் பெற்றதுமாகிய ஒரு மக்களினத்தைக் குரலற்றது என்றல் பொருந்தாது. அவர்கட்கு இல்லாதிருந்தது குரல் அன்று, கேட்போரே என்க.

மற்று, அவர்கள் கருவியைக் கையாளக் கற்றதும் நாடு நீங்கிய பின்னர் அன்று. 1901 இல் பிறந்த பத்தாம் தெமோ ரின்போச்சே லாசாவில் இருந்துகொண்டே ஒளிப்படம் எடுத்தார். சாரோங் குடும்பத்துத் துந்துல் நம்கியால் தம் சுற்றத்தாரையும் விழாக்களையும் லாசா வாழ்வையும் எடுத்தார். அவர் தந்தையார் 1959 ஆம் ஆண்டில் லாசாச் சிறையில் உயிர் நீத்தார். பின்னர் இந்தியாவில் வாழ்ந்த மகனார் 1990 இல் அப்படங்களுள் சிலவற்றை நூலாக வெளியிட்டு, திபேத்து இருந்தவாற்றை அந்நாட்டு ஒளிப்படக்காரர் ஒருவர் கண்டபடி காட்டுவது என்னும் பொருள்பட அதற்குப் பெயர் சூட்டினார். அப்பெயரில் இறந்த காலம் ஒன்றும், 'அந்நாட்டார்' என்னும் உரிமை ஒன்றும் ஒருங்கே நிற்றல் காண்க. எடுக்கும்போது அவை குடும்பப் படங்கள். வெளியிடும்போது வரலாற்றுச் சான்றுகள். படம் மாறவில்லை, களனும் காலமும் கேட்போரும் மாறியமையின் பொருள் மாறிற்று. நாடு நீங்கினார் ஒளிப்படக் கலைக்குத் தொடக்கம் இந்நூலின் இம்மாற்றத்திலேயே உளது என்பது நம் துணிபு.

1959 மார்ச்சுத் திங்களில் தலாய் லாமா லாசாவை விட்டு நீங்கினார். அவரைப் பின்பற்றி ஏறத்தாழ 80,000 மக்கள் எல்லை கடந்தனர். 1960 இல் தருமசாலை அவர்தம் இருப்பிடமாயிற்று. அதனை அடுத்து மைசூர் நாட்டுப் பைலக்குப்பையில் காடு திருத்திக் குடியேறினர். 2009 இல் அவர்கள் ஆட்சி அமைப்பு எடுத்த கணக்கின்படி புலம்பெயர்ந்தோர் 1,27,935 பேர். அவருள் இந்தியாவில் வாழ்ந்தோர் 94,203 பேர். இவருள் இந்தியாவிலேயே பிறந்து திபேத்தைக் கண்ணாற் காணாதோர் பலர். அவர்க்குத் தாய்நாடு என்பது பெற்றோர் சொல்லும், சில ஒளிப்படங்களுமே.

இந்நிலையில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, 'திபேத்திய ஒளிப்படத் திட்டம்' என்னும் பெயரால் அமெரிக்கர் சிலர் ஒருமுறை மட்டும் பயன்படும் எளிய கருவிகளை இந்தியாவிலுள்ள திபேத்தியர்க்கு அனுப்பி, அவர்கள் எடுத்த படங்களைத் தம் நாட்டிற் காட்சிக்கு வைத்தனர். இம்முயற்சி நன்முயற்சியே. துறவியைத் துறவி எடுத்த படத்தில், அயலார் படத்தில் இல்லாத ஓர் இயல்பு புலப்படும். எதிரே நிற்பவன் தன்னோடு உண்பவன் ஆதலின் முகம் இறுகுவதில்லை. ஆயினும் கூற்று முழுதும் கைமாறிற்று எனக் கொள்ளல் கூடுமோ? கருவியை அழுத்தும் விரல் திபேத்தியருடையது. அனுப்பிய படங்களுள் இன்னது சுவரில் ஏறுக, இன்னது பெட்டியில் கிடக்க என்று தெரிபவர் வேறு. விலை கொடுத்து வாங்குவோர் வேறு. தொகை நூலில் பாடினோர் மட்டுமன்றித் தொகுத்தோரும் தொகுப்பித்தோரும் உளர் என்பதை நாம் மறப்பதில்லையன்றோ? அதனை ஈண்டும் மறத்தல் ஆகாது. மேலும், கேட்போர் விரும்புவது இன்னது என்று உணர்ந்த கூற்று, அவ்விருப்பத்தின்பாற் சாய்தல் இயல்பு. செந்நிற ஆடையும், கொடித் துணியும், பனிமலையும் மிகுந்து, குளிர்காலந்தோறும் இந்திய நகரத் தெருக்களில் கம்பளிச் சட்டை விற்கும் குடும்பங்களும், பைலக்குப்பையின் சோளக்கொல்லையும் அருகுமாயின், அத்தொகுப்பைத் தன்கூற்று என்று கூறத் தயங்குவோம். அது பிறர் எழுதிய கூற்றைத் தாமே நடித்துக் காட்டுதலாக முடியும்.

இதற்கு மறுதலையாக ஒன்று கூறலாம். நடித்தலே கூற்றாவதும் உண்டு. திபேத்தியர் ஒளிப்பட நிலையங்களில் பொத்தாலா அரண்மனை தீட்டிய திரையைத் தொங்கவிட்டு, அதன்முன் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். நம் ஊர் நிலையங்களிலும் மாடிப்படியும் பூந்தொட்டியும் தீட்டிய திரைகள் இருந்தன. அவை வெறும் அணி. நாடு நீங்கினார்க்கோ அத்திரை செல்லற்கரிய இடத்திற்குச் சென்று நின்றமைக்குச் சான்று. திரை என்பது எல்லார்க்கும் தெரியும்; ஒருவரும் ஏமாறுவதில்லை. பெரிய காட்சிச் சாலைகளில் தொங்கும் பல படங்களினும் இவ்வெளிய குடும்பப் படங்களையே நாம் உயர்வாக மதிக்கின்றோம். எடுப்பிப்பவரும், நிற்பவரும், காண்பவரும் ஒருவரே ஆதலின் கூற்றும் கேட்போரும் இங்கே பிரிந்து நிற்பதில்லை.

ஒளிப்படம் அவர்கட்கு வழிபடு பொருளும் ஆகும். தலாய் லாமாவின் படம் வீட்டுப் பலிபீடத்தில் இடம் பெறும். 1996 இல் திபேத்தின் மடங்களில் அப்படத்தை வைத்தல் தடை செய்யப்பட்டது. ஆகவே, தருமசாலையில் ஒருவர் தம் வீட்டு அறையைப் படம் எடுப்பாராயின், சுவரிலுள்ள அச்சிறு படமே பெருஞ்செய்தியாகிவிடும். எடுத்தவர் அதனைக் கருதினாரல்லர் ஆயினும் முன்னத்தால் உணரப்படும்.

பெயர் சுட்டாமை பற்றியும் ஒரு சொல். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது நம் இலக்கணம். 2008 இல் திபேத்தில் எழுந்த கிளர்ச்சியின்போது, எடுக்கப்பட்ட படங்களிலிருந்தே முகங்களைப் பிரித்துத் தேடப்படுவோர் பட்டியல் வெளியிடப்பட்டது. அதன்பின் தாயகத்து உறவினரைக் காட்டும் படத்தில் முகம் மறைத்தலும், பெயர் விடுத்தலும் நாடு நீங்கினார்க்குக் கட்டாயமாயின. நம் மரபில் பெயரின்மை பொதுமையைத் தரும். இவர்க்கு அது காப்பைத் தருகின்றது. மறைத்த முகத்தை உத்தி என வியக்கும் திறனாய்வாளர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

நாடு நீங்காத ஒருவர் செய்த பணியையும் ஒப்பு நோக்க ஈண்டுக் குறிக்கின்றோம். சீனப் படையின் அலுவலராயிருந்த சேரிங் தோர்ஜே என்னும் திபேத்தியர், பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் கோயில்கள் இடிக்கப்பட்டதையும், பெரியோர் தெருவில் இழிவு செய்யப்பட்டதையும் படம் எடுத்தார். அவர் எந்நோக்கோடு எடுத்தார் என்பதை இன்று யாரும் அறுதியிட்டுக் கூறற்கியலாது. 1991 இல் அவர் மறைந்த பின்னர், மகளாராகிய எழுத்தாளர் வோசர் அப்படங்களை எடுத்துக்கொண்டு, எழுபதின் மேற்பட்ட மக்களைக் கண்டு உசாவி, 2006 இல் தைவானில் நூலாக்கினார். பிற்காலத்தில் தந்தையின் கருவியைக் கொண்டே அவ்விடங்களில் நின்று மீண்டும் படம் எடுத்தார். வாய் திறவாத தந்தையின் படத்திற்கு மகள் வகுத்த உரை அது. நாடு நீங்கினார் தொகுப்புக்களில் நாம் காண விழைவதும் இத்தகைய உரையே. கருவி கிடைத்தமையால் குரல் கிடைத்தது என்று கருதி, உரையை விட்டுவிடுகின்றனர்.

குறை இதுவே. வெளிவந்த நூல்களுள் குறிப்பிடத்தக்கவை ஆங்கிலத்தில் உள்ளன. சாரோங் நூலும் அத்தகையதே. எல்லை கடந்தபோது இருபது ஆண்டு நிரம்பியிருந்தோர்க்கு இன்று எண்பத்தைந்தின் மேல் ஆகின்றது. படத்தில் நிற்பவர் யார், அவர் எவ்வூரார், பின்னணியில் தோன்றும் மடம் யாது என்று சொல்ல வல்லார் அவரே. தருமசாலையில் 2000 இல் தொடங்கி, 2022 இல் புதுக் கட்டடம் பெற்ற திபேத்துக் காட்சிச் சாலை, படங்களைத் தொகுத்துக் காத்து வருகின்றது. அப்படங்களை ஒவ்வொன்றாக முதியோர் முன் வைத்து, அவர் கூறுவதை அவர் மொழியிலேயே படத்தின் அடியில் எழுதிவைக்கும் பணிக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.