திரையில் வராத பால்மரம்

எம்.ஜி.ஆர். பற்றிய விழா என்றால் மலேசியாவில் நம் மேடைகளில் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடுகிறது. கூலி என்று ஒடுங்கிக் கிடந்த தோட்டத் தமிழனைத் தலைநிமிர வைத்ததே சினிமாதானாம். 2016-இல் ‘கபாலி’ படம் வந்த பிறகு இந்தக் குரல் இன்னும் உரத்துவிட்டது. உச்ச நட்சத்திரமே நம் தோட்டத்துப் போராளியாக வந்துவிட்டார், இனி என்ன குறை என்கிறார்கள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. பகாவ், ரந்தாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகள் மக்களுக்குப் பெரிய ஆறுதல். குடிக்காத, முதலாளியை எதிர்த்துக் கேட்கிற கதாநாயகனைப் பார்த்துக் கள்ளுக்கடைப் பக்கம் போகாமல் இருந்தவர்கள் உண்டு. தமிழ் நம் நாவில் நிலைத்ததிலும் அந்தப் படங்களின் பாட்டுகளுக்குப் பங்குண்டு.

ஆனால் நிமிர்ந்தவன் யாராக நிமிர்ந்தான்? என் நெடுநாள் மறுப்பு இதில்தான்.

எம்.ஜி.ஆர். 1964-இல் படகோட்டி ஆனார், 1967-இல் விவசாயி ஆனார், 1971-இல் ரிக்‌ஷாக்காரன் ஆனார். தமிழ்நாட்டு உழைப்பாளி தன் தொழிலைத் திரையில் பார்த்துக்கொண்டான். அதே படத்துக்குக் கைதட்டிய நம் ஆள், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு ஓடி, நெற்றி விளக்கோடு ரப்பர் மரங்கள் நிற்கும் தீம்பாருக்குள் இறங்கினான். அது லேசான வேலையா? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதற்குள் தன் பங்கு மரவரிசையான நிறையை வெட்டி முடிக்க வேண்டும். உளியைச் சாய்வாக இழுக்கும்போது பட்டை மெல்லிய சுருளாக விழ வேண்டும். மேலோட்டமாகப் போனால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது. கொஞ்சம் ஆழ்ந்தால் மரத்தில் காயம் பட்டு, அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், கங்காணியின் ஏச்சு வேறு. நூற்றுக்கணக்கான மரங்களில் நாள் தவறாமல் அந்த அளவைக் காத்த கை அது. ஆணுக்குச் சமமாகப் பெண்ணும் வெட்டினாள், வாளி தூக்கினாள்.

அந்தக் கையைக் கொண்டாட ஒரு திரைப்பாட்டு இல்லை. தோட்டத்திலேயே பிறந்த பாட்டுகள் இருந்தன. கப்பலேறி வந்த கதையை, கங்காணியின் கொடுமையை, மரத்தடி வாழ்க்கையை அவை பாடின. சினிமாப் பாட்டு வந்து உட்கார்ந்ததும் அவற்றைப் பாடக் கூச்சப்பட்டோம். என் பார்வையில் தோட்டத்துக்கு நேர்ந்த பெரும் கலை இழப்பு இது. இதை இழப்பு என்று சொல்லக்கூட மேடையில் ஆளில்லை.

ஒருவன் திரும்பத் திரும்பப் பார்க்கும் கலைதான், எந்த வாழ்க்கை சொல்லத் தகுந்தது, எது தகாதது என்று அவனுக்குக் கற்றுத் தருகிறது. கண்ணால் காணாத வயலும் வாய்க்காலும் ‘நம்ம ஊர்’ ஆயின. பிறந்து வளர்ந்த தோட்டத்து லயன் வீடு கதைக்கு உதவாத இடமாயிற்று. 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, குடியுரிமை இல்லாத எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. சட்டமும் அறியாமையும் அதற்குக் காரணம், சினிமாவை ஏன் இழுக்கிறீர்கள் என்பார்கள். இழுக்கத்தான் செய்வேன். உன் மண் கடலுக்கு அப்பால் இருக்கிறது என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த கலைக்கும் அதில் பங்குண்டு.

‘கபாலி’ இந்தக் குறையைத் தீர்த்துவிட்டதா? கூலிப் போராட்டம் முன்கதையில் கொஞ்ச நேரம் வருகிறது. மீதி முழுக்கக் கோட்டும் துப்பாக்கியும்தான். கதாநாயகன் தாதாவான காரணத்தைச் சொல்வதற்குத் தோட்டம் பயன்பட்டது, அவ்வளவே.  ‘கபாலி’க்கு முந்தைய ஆண்டு சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ படம் வந்தது. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த குடும்பம், அதில் துறுதுறுப்பான சிறுவன் அப்போய். அவனுடைய அறிவு எப்படி அடிபட்டு அடிபட்டுக் குண்டர் கும்பலின் பக்கம் சாய்கிறது என்பதை அந்தப் படம் நம் பேச்சிலேயே காட்டியது. 2016-இல் சிறந்த மலேசியப் படம் என்ற விருதும் பெற்றது. அதைப் பார்த்தவன் தன் வீட்டைப் பார்த்தான், தன் அப்பாவின் கோபத்துக்குக் காரணம் தெரிந்துகொண்டான். எந்த நட்சத்திரமும் அவனுக்குத் தராதது அது. தலைநிமிர வைத்த சினிமா என்று முழங்குகிறவர்கள் இந்தப் படத்தின் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

நெகிரி செம்பிலானில் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. கெடிஸ், லின்சம், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் என்று தோட்டப் பெயரை இன்னும் தாங்கி நிற்பவை தமிழ்ப்பள்ளிகள். அவற்றின் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கலைநிகழ்ச்சியில் ஒரு சினிமா நடனத்தைக் குறையுங்கள். பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவரை வரவழைத்து, உளியை எப்படிப் பிடித்தார், மழை நாளில் சம்பளத்துக்கு என்ன செய்தார் என்று பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லுங்கள். கேட்டதைப் பிள்ளைகளே நாடகமாக எழுதி நடிக்கட்டும்.